டால்ட்டன் பார்த்த நீலப் பூ

1792-இல் ஒரு நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெரேனியம் பூவொன்றைப் பார்த்த ஜான் டால்ட்டன் திகைத்துப்போனார். பகலில் வானத்து நீலமாகத் தெரிந்த பூ, இப்போது சிவப்பாக இருந்தது. நண்பர்களைக் கேட்டார். அவர்கள் கண்ணுக்கு இரண்டு வேளையும் ஒரே நிறம்தான். அவருடைய அண்ணனுக்கு மட்டும் அவரைப் போலவே நிறம் மாறித் தெரிந்தது.

பின்னாளில் அணுக் கொள்கை தந்த அந்த அறிஞர், 1794-இல் மான்செஸ்டரில் இதை ஆய்வுரையாகவே படித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் தனக்கு நீலமாக இருக்கும் என்பது அவர் ஊகம். தன் சாவுக்குப் பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-இல் மருத்துவர் அப்படியே செய்தார். நீர்மம் தெளிவாக இருந்தது.

விடை அண்ணனிடம் இருந்தது. ஒரே குறை இருவருக்கும் வந்ததென்றால் அது குடும்பத்தில் ஓடுவது அல்லவா?

நம் விழித்திரையில் நிறம் காண மூவகைக் கூம்புச் செல்கள் உண்டு. சிவப்பு, பச்சை வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலவே இருப்பதால், கருமுட்டை உருவாகும்போது பெண்ணின் இரண்டு எக்ஸ்களும் துண்டுகளை மாற்றிக்கொள்கையில் சிலவேளை இடம் பிசகுகின்றன. ஒன்றுக்குப் பச்சை மரபணு கூடுதலாகப் போய்ச்சேர, மற்றதில் அதுவே இல்லாமல் போகிறது. பாதுகாத்து வைத்திருந்த டால்ட்டனின் கண்ணை 1995-இல் சோதித்தபோது இல்லாதிருந்ததும் அந்தப் பச்சை மரபணுதான்.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாய் தருவது. ஆகவே 'அப்பாவுக்கு இருக்கிறது, பையனுக்கும் வந்துவிட்டது' என்று பலர் சொல்வது சரியல்ல. அப்பாவின் எக்ஸ் போவது மகள்களுக்கு, எல்லா மகள்களுக்கும். இன்னொரு நல்ல எக்ஸ் துணையிருப்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் நிறம் சரியாகவே தெரியும். அவர்கள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் குறை வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பையனுக்கு நிறம் குழம்பினால் அம்மாவைப் பெற்ற தாத்தாவையும் தாய்மாமனையும் விசாரிக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் 1876-இலேயே இந்த வழியை எழுதிவைத்தார்.

பெண்ணுக்குக் குறை வர இரண்டு எக்ஸும் பழுதாக வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இந்தச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு. பெண்களிலோ 200 பேரில் ஒருவருக்குத்தான்.

டால்ட்டனின் அம்மா அந்த ஜெரேனியத்தைப் பார்த்திருந்தால், பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே பார்த்திருப்பார்.