பழத்தை ஏன் கொண்டுவந்தார்கள்?

1934-ம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி, அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மைதானத்தில் பேஸ்பால் உலகப் பட்டத்துக்கான ஏழாவது பந்தயம் நடந்துகொண்டிருந்தது. உள்ளூர் டைகர்ஸ் கட்சிக்கும் ஸெயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கட்சிக்கும் போட்டி. உள்ளூர்க்காரர்கள் படுதோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், மெட்விக் என்னும் கார்டினல்ஸ் வீரர் மூன்றாவது தளத்தை நோக்கிச் சறுக்கிப் பாய்ந்தார். அங்கே காவல் நின்ற உள்ளூர் வீரரோடு மோதல் ஏற்பட்டது. பிறகு மெட்விக் மைதானத்தின் இடது கோடியில் தம்முடைய ஸ்தானத்தில் போய் நின்றாரோ இல்லையோ, மேலேயிருந்து பழங்களும் காய்கறிகளும் பாட்டில்களும் மழையாகப் பொழியத் தொடங்கின. ஆட்டம் நின்றது. பேஸ்பால் உலகத்துக்குச் சர்வாதிகாரியாக இருந்த கமிஷனர் லாண்டிஸ் யோசித்துப் பார்த்து, மெட்விக்கையே வெளியே போகும்படி உத்தரவிட்டார். எறிந்தவர்கள் பல ஆயிரம் பேர், எறியப்பட்டவர் ஒருவர். ஒருவரை வெளியேற்றுவது சுலபந்தானே? கார்டினல்ஸ் கட்சி எப்படியும் 11-0 என்ற கணக்கில் ஜயித்துவிட்டது.

அன்று நடந்ததைப்பற்றி மெட்விக் கூறியதாக ஒரு வார்த்தை இன்றுவரை வழங்கி வருகிறது. ஜனங்கள் பழத்தை ஏன் எறிந்தார்கள் என்பது அவருக்கு நன்றாக விளங்கிற்றாம். அதை முதலில் மைதானத்துக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்பதுதான் விளங்கவில்லையாம்.

இந்தக் கேள்வியை வேடிக்கைப் பேச்சென்று தள்ளிவிடுவதற்கில்லை. பேஸ்பால் மைதானத்துக்குள் பார்க்க வருகிறவர்கள் எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரலாகாது என்ற நீண்ட ஜாபிதா ஒவ்வொரு வாயிலிலும் இப்போது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளும் பெண்களும் அமெரிக்காவில் குடியேறியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இப்போது அநேகம். கோடை விடுமுறையில் அங்கே போகும் தாய் தந்தையரைப் பேரக் குழந்தைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் இடங்களில் இந்த மைதானமும் ஒன்று. அந்த ஜாபிதாவின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கதை இருப்பதால், நாம் அதைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

முதலில் பாட்டில். கண்ணாடி பாட்டிலும் தகர டப்பாவும் உள்ளே வரலாகாது என்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி. 1907-ம் வருஷம் ஸெயின்ட் லூயிஸ் மைதானத்தில் பில்லி எவன்ஸ் என்ற நடுவரின் தலையில் ஒரு பாட்டில் வந்து விழுந்து மண்டை ஓடு உடைந்தது. அவர் பிழைத்து எழுந்து, பல வருஷங்கள் நடுவர் வேலையும் பார்த்தார். நடுவரின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் கையில் இருப்பதை வீசுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். கையில் ஒன்றும் இல்லாவிட்டால்கூடக் குற்றமில்லை. அதே 1907-ல், ஏப்ரல் 11-ந் தேதி, நியூயார்க்கில் பருவத்தின் முதல் ஆட்டத்தன்று, மைதானத்தில் கிடந்த பனிக்கட்டியை உருட்டி உருட்டி ஜனங்கள் எறிந்தார்கள். உள்ளூர் ஜயன்ட்ஸ் கட்சி தோற்றதாகத் தீர்ப்பளித்து நடுவர் ஆட்டத்தை முடித்தார். பனியைச் சோதித்துத் தடுக்க எந்த வாயிற்காப்போனால் முடியும்!

இன்னொரு விசித்திரம் உண்டு. வினை விளைவித்த சாமான்களைச் சில சமயம் மைதானத்து முதலாளிகளே வரவழைத்திருக்கிறார்கள். 1979-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி சிகாகோவில் காமிஸ்கி மைதானத்தில், 'டிஸ்கோ' என்ற நாகரிக சங்கீதத்தின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருகிறவர்களுக்கு 98 ஸென்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். சேர்ந்த தட்டுகளை இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மைதானத்தில் வெடி வைத்துத் தகர்ப்பதாக ஏற்பாடு. ஜனங்கள் எதிர்பார்த்ததற்கு மேல் வந்து குவிந்துவிட்டார்கள். வாயிலில் வாங்கப்படாமல் கையிலேயே தங்கிப்போன தட்டுகள் சக்கராயுதம்போல் சுழன்று பறந்தன. வெடி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே குதித்துப் புல்தரையைப் பாழ்படுத்தினார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. ஆடாமலே டெட்ராய்ட் கட்சிக்கு வெற்றி. இதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்ட் 10-ந் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் மைதானத்தில் வந்தவர்களுக்கெல்லாம் ஞாபகார்த்தமாக ஒரு பந்து இனாமாக வழங்கினார்கள். கோபம் வந்தபோது அந்தப் பந்துகள் எங்கே போயிருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டமும் நடுவிலேயே முடிவடைந்து, எதிர்க் கட்சியான கார்டினல்ஸுக்கே போயிற்று.

இன்றைய விதிகளுக்கு வருவோம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த கோர சம்பவத்துக்குப் பிறகு பைகளின்மேல் கண் விழுந்தது. 2015 முதல் பெரிய கழகங்கள் முப்பதின் மைதானங்களிலும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வைத்துச் சோதிப்பது கட்டாயமாயிற்று. அநேக இடங்களில் 16 அங்குல நீளமும் 16 அங்குல உயரமும் 8 அங்குல அகலமும் உள்ள மிருதுவான பை வரையில் அனுமதிக்கிறார்கள். டாட்ஜர் மைதானம் போன்ற சில இடங்களிலோ உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிப் பைதான் செல்லும். அளவும் விதியும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், புறப்படுவதற்கு முன் அந்தந்தக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பையன்களின் பைகளைப் பார்த்துப் பழகிய நமக்குச் சோதனை என்பதில் ஆட்சேபம் கிடையாது. ஆனால் கண்ணாடிப் பை விஷயம் நமக்கு உவப்பாயில்லை. ஒரு ஸ்திரீயின் பையில் நாலு பேர் பார்க்கத் தகாத பொருள்கள் இருக்கும். நோயாளியின் பையில் அவர் யாருக்கும் சொல்லாத மருந்து இருக்கும். இவற்றை ஊரறிய ஏந்திக்கொண்டு நடக்கச் சொல்வது எந்த நியாயம்? கைக்கு அடக்கமான சிறு பை ஒன்றை மறைவாக வைத்துக்கொள்ளலாம் என்றும், கைக்குழந்தையின் துணிப் பைக்கும் வைத்தியத்துக்கு வேண்டிய சாமான்களுக்கும் விலக்கு உண்டென்றும் விதியிலேயே சேர்த்திருப்பது ஓரளவு ஆறுதல். அந்த விலக்கைக் கேட்டுப் பெறக் கூசவே கூடாது.

விதி தெரியாமல் பெரிய பையோடு போகிறவர் பாடுதான் திண்டாட்டம். மோட்டாரில் வந்தவர் திரும்பிப் போய் வண்டியில் வைத்துவிட்டு வருவார். ரயிலில் வந்த ஏழை என்ன செய்வார்? சில இடங்களில் கூலி வாங்கிக்கொண்டு பையைப் பத்திரப்படுத்தும் பெட்டிகள் இருக்கின்றன. இல்லாத இடத்தில் பையா, ஆட்டமா என்று அவரேதான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஆகாரத்தைப்பற்றிச் சொல்லும்போது நம் மனம் குளிருகிறது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அமெரிக்கப் பேஸ்பால் மைதானங்களில் அநேகம் இடம் கொடுக்கின்றன. ஸெயின்ட் லூயிஸ், லாஸ் ஏஞ்சலிஸ், ஸியாட்டில் ஆகிய நகரங்களின் மைதானங்கள் இதற்குப் பேர் போனவை. பிரிக்காத பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொண்டுபோகலாம். 'பிரிக்காத' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தண்ணீர்போலவே தோன்றும் மதுபானங்கள் உலகத்தில் உண்டென்பது வாயிற்காப்போருக்குத் தெரியும். மதுவை வெளியிலிருந்து கொண்டுவர எங்கும் அனுமதியில்லை. உள்ளே விலைக்கு வாங்கலாம். உள்ளே விற்பது மட்டும் சாதுவென்று எண்ண வேண்டாம். 1974 ஜூன் 4-ந் தேதி கிளீவ்லண்டில் மைதானத்தாரே ஒரு கோப்பை பீர் பத்து ஸென்டு என்று விற்று, வெறியேறிய ஜனங்கள் ஆட்டக்காரர்கள்மேல் பாய்ந்து, அந்த ஆட்டமும் எதிர்க் கட்சிக்குப் போயிற்று.

சோற்று மூட்டைக்கு இவ்வளவு தாராளம் காட்டுவானேன்? நமக்குத் தோன்றும் காரணம் இது. ஒரு கழகம் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் பாதி, அதாவது 81, சொந்த ஊரில். பெருவாரியான நாட்களில், அதுவும் வாரத்தின் நடுவே, நாற்பதினாயிரம் ஆசனங்களை நிரப்புவது லேசல்ல. நாலு பேருள்ள குடும்பம் டிக்கெட்டுக்கும் வண்டி நிறுத்தவும் கொடுத்தபின், உள்ளே விற்கும் விலையில் நாலு பேர் வயிற்றையும் நிரப்ப வேண்டுமென்றால், வருஷத்துக்கு ஒரு முறையே வரும். ரொட்டியையும் வேர்க்கடலையையும் வீட்டிலிருந்து கொண்டுவரலாமென்றால் அடுத்த மாதமும் வரும். அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகித் தங்கள் குழந்தைகளையும் அழைத்து வரும். அமெரிக்கக் கால்பந்துக் கழகங்களுக்குச் சொந்த ஊரில் பருவத்துக்கு எட்டு ஒன்பது ஆட்டங்களே; அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பேஸ்பால் மைதானம் இன்னும் சாமானியக் குடும்பத்துக்கு எட்டுவதாக இருப்பதற்கு இந்தச் சோற்று மூட்டை விதிக்கும் பங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம். என்றைக்காவது கழக முதலாளிகள் இதையும் எடுத்துவிட்டால் நஷ்டம் காலி வயிற்றோடு போகாது. வேர்க்கடலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அதன் வாசனையே ஆகாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில கழகங்கள் குறிப்பிட்ட நாட்களில் கடலை இல்லாத பகுதி என்று தனியே ஒதுக்குகின்றன.

குடை கொண்டுபோவதில் பிரயோஜனம் குறைவு. விரித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். பெருமழை பெய்தால் ஆட்டமே நின்று, தரைக்குப் படுதா போர்த்திவிடுவார்கள். நீண்ட கம்பு, ஊதுகுழல், லேஸர் விளக்கு இவற்றுக்கும் தடை. தொடர்ந்து வரும் ஆட்டங்களையெல்லாம் ஒரே கட்சி ஜயிப்பதைப் 'பெருக்கித் தள்ளுவது' என்று அங்கே சொல்வதால், அந்தச் சந்தர்ப்பம் நெருங்கும்போது ரஸிகர்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். நம் வீட்டுப் பாட்டிமார் கண்டால் என்ன சொல்வார்களோ! கம்பு ஆகாது என்ற விதி துடைப்பத்துக்கும் செல்லும் இடங்களில் அது வாயிலிலேயே நின்றுவிடும். சத்தத்துக்கு மட்டும் அந்நாளில் தடை இருந்ததாகத் தெரியவில்லை. புரூக்லினில் ஹில்டா செஸ்டர் என்ற அம்மாள் முதலில் வாணலியையும் கரண்டியையும் கொண்டுவந்து தட்டினாள். பிறகு மாட்டு மணியைக் கொண்டுவந்து ஆட்டினாள். அந்த ஊர் ஆட்டக்காரர்களுக்கு அவள் இல்லாவிட்டால் ஆட்டமே ஓடாது.

பிராணிகள் விஷயத்தில் ஒரு பிரசித்தமான ஆடு இருக்கிறது. 1945 அக்டோபர் 6-ந் தேதி சிகாகோ ரிக்ளி மைதானத்துக்குப் பில்லி ஸியானிஸ் என்ற கிரேக்க நாட்டுச் சாப்பாட்டுக்கடைக்காரர் இரண்டு டிக்கெட்டுகளோடு வந்தார். ஒன்று அவருக்கு, மற்றொன்று அவர் வளர்த்த ஆட்டுக்கு. ஆட்டுக்கு மைதானத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. நாற்றமடிப்பது காரணமென்று சொல்வதுண்டு. மனம் நொந்த அவர் சபித்துவிட்டுப் போனார் என்றும், அதனால்தான் சிகாகோ கப்ஸ் கட்சி அந்த உலகப் பட்டத்தை இழந்து அதற்குப் பிறகும் தோற்றுக்கொண்டே இருந்தது என்றும் ஊரார் நம்பினார்கள். 2016-ல்தான் அந்தக் கட்சிக்கு மறுபடியும் பட்டம் கிடைத்தது. இப்போதெல்லாம் பல கழகங்கள் வருஷத்தில் சில நாட்களை நாய்களுக்கென்று ஒதுக்கி, நாய்க்கும் டிக்கெட் விற்கின்றன. ஆட்டுக்கு இன்னும் அந்த யோகம் பிறக்கவில்லை.

கட்டாயம் கொண்டுபோக வேண்டியதென்று நாம் சொல்வது இரண்டே பொருள். ஒன்று, பென்சில். ஒவ்வொரு பந்தின் பலனையும் சிறு குறிகளால் காகிதத்தில் பதிந்துகொண்டு ஆட்டத்தைப் பார்க்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக இருக்கிறது. குழந்தைகளுக்குக் கணக்கும் பொறுமையும் ஒருங்கே வரும். மற்றொன்று, தோல் கையுறை. அடிபட்ட பந்து கூட்டத்துக்குள் வந்து விழும்போது பிடித்தால் அது பிடித்தவருக்கே சொந்தம். இந்த உரிமையும் இலேசில் வந்ததல்ல. 1921-ல் நியூயார்க்கில் ரூபன் பெர்மன் என்பவர் தாம் பிடித்த பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் கூட்டத்துக்குள் வீசிவிட்டார். அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் 100 டாலர் நஷ்டஈடு பெற்றார். அதற்குப் பிறகு பந்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் மெள்ள மெள்ள மறைந்தது.

உள்ளே கொண்டுபோவதுபோலவே வெளியே கொண்டுவருவதிலும் தடையுண்டு. ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கு உள்ள மதிப்பு அமெரிக்காவில் உள்ளதற்குக் குறைந்ததல்ல. அங்கே 1924-ல் கட்டிய கோஷியென் மைதானத்தில், வருஷந்தோறும் உயர்தரப் பள்ளிக்கூடங்களின் பந்தயம் நடக்கிறது. தோற்ற பையன்கள் கண்ணீரோடு குனிந்து அந்த மைதானத்து மண்ணை ஒரு பிடி பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவது சம்பிரதாயம். 1958-ல் ஓகினாவா தீவிலிருந்து ஷூரி பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்து ஆடித் தோற்று, மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்தத் தீவு அப்போது அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. 1972-ல்தான் அது ஜப்பானுக்குத் திரும்பி வந்தது. ஆகவே கோஷியென் மண் அங்கே அந்நிய நாட்டு மண். பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே வரக்கூடாதது. நாஹா துறைமுகத்தில் அந்த மண் கடலில் கொட்டப்பட்டது. சேதி கேள்விப்பட்ட விமானக் கம்பெனி ஊழியப் பெண் ஒருத்தி மைதானத்திலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கல்லுக்குச் சட்டத்தில் தடையில்லை. அந்தக் கற்கள் இன்றும் ஷூரி பள்ளிக்கூடத்து நினைவுச் சின்னத்தில் பதிந்திருக்கின்றன.