மீதி முக்கால் மணி எங்கே?

பெரியப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முதன்முறையாக விமானத்தில் டெல்லிக்குப் போகப்போகிறார். டிக்கெட்டை மடியில் விரித்துக்கொண்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, சென்னை-டெல்லி 1,760 கிலோமீட்டர்னு போன் காட்டுது. பிளேன் மணிக்கு 830 போகும்னு சொல்றே. வகுத்தா ரெண்டு மணி ஏழு நிமிஷம். இதுல 6.00க்குக் கிளம்பி 8.50க்குச் சேரும்னு போட்டிருக்கான். மீதி முக்கால் மணி எங்க போச்சு?"

நியாயமான கேள்விதான். அந்த 1,760, பூமிப்பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். விஜயவாடா, நாக்பூர், போபால் வழியாக அவருடைய ரயில் போவது சுமார் 2,180 கிலோமீட்டர். விமானம் அவ்வளவு சுற்றாது. என்றாலும் நூல் மேலேயே போகவும் விடமாட்டார்கள். வகுத்துவைத்த வான்வழியில்தான் போக வேண்டும்.

தூரத்தைவிட நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. 6.00 என்பது விமானம் மேலே எழும்பும் நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து, நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம். 8.50 என்பது டெல்லியில் மறுபடி கட்டை வைக்கும் நேரம். நடுவில் ஓடுபாதை வரை ஊர்ந்து, முன்னே நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருப்பதும் பயணக் கணக்கில்தான் சேரும்.

எழும்பியதும் 830ஐப் பிடித்துவிடாது. 10,000 அடிக்குக் கீழே வழக்கமான உச்சவரம்பு 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். 35,000 அடிக்கு ஏறவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து இறங்க 200 கிலோமீட்டர் போல வேண்டும் என்பதால், ஆக்ரா பக்கம் வரும்போதே வேகம் குறையத் தொடங்கும். டெல்லியில் இன்னொரு சங்கதி. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று. தெற்கிலிருந்து போகிற விமானம் நேரே போய் உட்கார முடியாது. கிழக்கே சுற்றிப்போய், மேற்குமுகமாகத் திரும்பி, வரிசையில் சேர வேண்டும்.

"இவ்வளவும் போக, கொஞ்சம் கூட்டியும் எழுதுவாங்க பெரியப்பா. தாமதமானாலும் சரியான நேரத்துக்கு வந்ததா இருக்கணுமே. பதினைந்து நிமிஷத்துக்குள்ள வந்துட்டா தாமதம்னே கணக்கு இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பெரம்பூர் கணக்கு! அங்கேயிருந்து சென்ட்ரல் ஆறு கிலோமீட்டர். அதுக்கு அரை மணி எழுதி வைப்போம். வழியெல்லாம் விட்டதை அங்கதான் பிடிக்கிறது." நான் இத்தனை நேரம் சொன்னதைவிட அதுவே நல்ல விளக்கம்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி டிசம்பர் 28. டெல்லியில் பனிமூட்டம் இறங்குகிற காலம். காலை விமானங்கள் மணிக்கணக்கில் தள்ளிப்போவது அப்போது சாதாரணம். அந்தக் கூட்டி எழுதிய நிமிடங்கள் அதற்குக் காணாது. பெரியப்பாவோ 8.50ஐ நம்பி, 11 மணிக்கு ஹரித்துவார் ரயிலைப் போட்டு வைத்திருந்தார். சாயங்கால வண்டிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.