பெயர் இரண்டு, கோப்பு ஒன்றோ?

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதலும், ஒரு சொல்லே பல பொருளைக் குறித்தலும் மொழியின் இயல்பு. இவ்விரண்டனையும் சூடாமணி நிகண்டு வெவ்வேறு தொகுதிகளில் வகுத்துக் கூறுதலைத் தமிழ் கற்றார் அறிவர். இதே இருவகை மயக்கம் கணினிக் கோப்புகளிடத்தும் உண்டு. நிரல் எழுதுவோர் அதனைத் தெளியும் முறை யாதென ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

ஒரு கோப்பை அடைதற்கு, எந்த அடைவு, அதனுள் எந்த அடைவு, அதனுள் எந்தப் பெயர் என முறையே கூறும் தொடரைப் பாதை என்பர். பாதைகள் எழுத்தால் வேறுபட்டமை கொண்டே கோப்புகளும் வேறெனத் துணிதல் பிழையாம்.

முதலாவது, ஒரு பொருளுக்குப் பல பெயர் வரும் வகை. பாதையினிடையே இரு புள்ளி இட்டால், மேலடைவுக்குத் திரும்புக என்பது பொருள். ஆகவே ‘மலர்கள்’ என்னும் அடைவிலுள்ள கோப்பை நேரேயும் அடையலாம். ‘படங்கள்’ என்னும் அடைவினுட் புகுந்து திரும்பி வந்தும் அடையலாம். நல்லூருக்குப் பெருவீதியாற் சென்றாலும் ஒழுங்கைகளாற் சுற்றிச் சென்றாலும் சேருமிடம் ஒன்றேயன்றோ? அன்றியும், வேறொரு கோப்பின் இருப்பிடத்தைச் சுட்டுதலையே தொழிலாகவுடைய சிம்பாலிக் லிங்க் என்பதும், ஒரே கோப்புக்குச் சமவுரிமையுள்ள இரு பெயரைத் தரும் ஹார்ட் லிங்க் என்பதும் உண்டு.

இரண்டாவது, ஒரு பெயர் பல பொருளைக் குறிக்கும் வகை. ‘கொக்குவில்’ என்னும் பெயரை நோக்குக. யுனிகோட் முறையில் அதன் முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, அரவு என இரு குறியெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் அமைப்போ பொதுவாக அவற்றை வேறு பெயர்களாகக் கொண்டு, ஒரே அடைவில் இரண்டு ‘கொக்குவில்’ இருக்க இடங்கொடுக்கும். ஆப்பிள் மக் கணினி அவற்றை ஒன்றாகவே கொள்ளும்.

ஆதலின் பெயரை விடுத்துப் பொருளை நோக்குதல் வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்னும் இலக்கம் உண்டு. இது மாணவனின் சேர்விலக்கம் போல்வது. 250 என்னும் இலக்கம் இரு கல்லூரிகளிலும் இருத்தல் கூடும். கல்லூரியும் இலக்கமும் சேர்ந்தே ஒருவனைக் குறிக்கும். அவ்வாறே சேமிப்புச் சாதனத்தின் எண்ணும் ஐநோட் எண்ணும் ஆகிய இரண்டும் ஒத்தாலன்றிக் கோப்பு ஒன்றெனக் கொள்ளலாகாது. பைத்தன் மொழியில் ‘சேம்ஃபைல்’ என்னும் செயற்கூறு, சுட்டுகளைப் பின்பற்றிச் சென்று இவ்விரண்டனையும் ஒப்பிட்டு விடை தரும். கோப்புகளுள் ஒன்று இல்லையாயின் அது விடை கூறாது பிழை காட்டும். நிரல் அதற்கும் இடம் வைத்து எழுதப்படல் வேண்டும். ஜாவா மொழியில் ‘இஸ்சேம்ஃபைல்’ என்பது இப்பணியைச் செய்யும்.

உள்ளடக்கம் ஒத்திருத்தல் வேறு; கோப்பு ஒன்றாதல் வேறு. ஒரு நூலின் இரு படிகளில் எழுத்தெல்லாம் ஒன்றே. எனினும் ஒன்று அழிந்தால் மற்றது எஞ்சும். ஒரே கோப்பின் இரு பெயர்கள் அத்தகையன அல்ல. ஒரு பெயராற் புகுந்து உள்ளடக்கத்தை அழித்தால், மற்றப் பெயராற் புகுவோனுக்கும் வெறுமையே கிடைக்கும்.

இவ்வேறுபாடு நமக்கு வெறும் நுட்பமன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாதன மீளவில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் முதலாக, பழைய மலர்களையும் ஏடுகளையும் கணினியிற் சேர்க்கும் முயற்சிகள் இன்று நடைபெறுகின்றன. இத்தகைய சேகரத்தைப் பேணுவோர், இடத்தை மிச்சப்படுத்தக் கருதி, உள்ளடக்கம் ஒத்தவற்றுள் ஒன்றை நீக்கப் புகுவர். அவற்றுள் ஒன்று சுட்டு மாத்திரமாயின், மிகையென்று நீக்கியது மூலமாகவே இருத்தல் கூடும். இரு படி உண்டென்று ஆறியிருப்போர், ஒன்றையே இருமுறை எண்ணியவராதலும் கூடும்.

ஆகவே நிரல் பயிலும் மாணவர், ஒரு கோப்பை நீக்குமுன்னும் ஒன்றன்மேல் ஒன்றை எழுதுமுன்னும் இச்சோதனையைத் தவறாது செய்க. பழைய மலர்களைச் சேர்த்து வைத்திருக்கும் அன்பர்கள், தம்மிடமுள்ளவை மெய்யாகவே இரு படிகளோ என்று தேர்ந்து, ஒன்றை வேறு சாதனத்தில், இயலுமாயின் வேறூரில், வைத்துப் பேணுக என்பது எம் வேண்டுகோள்.