ரப்பர் ஸ்டாம்ப் கிறிஸ்துமஸ் கார்டு: வெளியே அச்சு, உள்ளே கையெழுத்து

ரப்பர் ஸ்டாம்ப் வச்சு வீட்டிலேயே கிறிஸ்துமஸ் கார்டு செய்யறது எப்படின்னு இந்த எபிசோட்ல பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி, போன வருஷம் நான் சொதப்பின கதை.

30 கார்டு செய்ய உட்கார்ந்தேன். ஆபீஸ்ல சீல் குத்துவோமே, அந்த ஸ்டாம்ப் பேடுதான் கையில இருந்தது. நட்சத்திரத்தைக் குத்தி, மேலே தங்கநிற எம்பாஸிங் பவுடரைத் தூவினேன். லேசா தட்டினதும் பாதி பவுடர் கொட்டிடுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதோடயே மல்லுக்கட்டிட்டு, உள்ளே பேரை மட்டும் எழுதி போஸ்ட் பண்ணிட்டேன். பெரியம்மா போன் பண்ணாங்க: "கார்டு வந்துச்சுப்பா. உள்ளே ஒண்ணுமே எழுதலையே, நல்லாத்தானே இருக்க?"

அந்தக் கேள்வி இன்னும் காதுல இருக்கு. சரி, தப்பு எங்கே நடந்தது?

மையில ரெண்டு வகை

ஒண்ணு டை இங்க். தண்ணி மாதிரி காகிதத்துக்குள்ள இறங்கி, சீக்கிரம் காஞ்சிடும். இன்னொண்ணு பிக்மென்ட் இங்க். கெட்டியா காகிதத்து மேலேயே நிற்கும், மெதுவாத்தான் காயும். எம்பாஸிங் பவுடர் ஈர மையிலதான் ஒட்டும். அதனால அதுக்கு பிக்மென்ட் இங்க், இல்லேன்னா எம்பாஸிங்குக்குன்னே விற்கிற நிறமில்லாத மை வேணும்.

தூவினதும் மிச்சத்தை ஒரு தாளில் தட்டிக் கொட்டிடுங்க, திரும்ப டப்பாவில் போட்டுக்கலாம். அப்புறம் ஹீட் கன்னால சூடு காட்டணும். தலை காய வைக்கிற டிரையர் சரிப்படாது; அதுல சூடு குறைவு, காத்து அதிகம், பவுடர் பறந்துடும். பவுடர் உருகி பளபளன்னு ஆனதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்திடுங்க. அதிகமா சூடாக்கினா மேடு தட்டையாயிடும்.

காகிதமும் அழுத்தமும்

250 ஜிஎஸ்எம் ஏ4 அட்டையை ரெண்டா வெட்டி, ஒவ்வொண்ணையும் பாதியா மடிச்சா ஏ6 அளவு கார்டு. சி6 கவர்ல சரியா உட்காரும். 15 அட்டையில 30 கார்டு. மடிக்கிற இடத்துல ஸ்கேல் வச்சு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால கோடு இழுத்துட்டு மடிச்சா விளிம்பு பிசிறாது.

ஸ்டாம்ப்பை பேடில் அமுக்காதீங்க. லேசா தட்டித் தட்டி மை ஏத்துங்க. கார்டுக்கு அடியில நாலு செய்தித்தாள் இருக்கட்டும். நேரா வச்சு அழுத்தி, நேரா தூக்குங்க. ஆட்டினா ஓரத்துல கறை விழும்.

ஒரே ஒரு ஒட்டக ஸ்டாம்ப்ல வரிசையா மூணு ஒட்டகம் வேணுமா? முதல் ஒட்டகத்தை கார்டில் குத்துங்க. அதையே ஒட்டுச்சீட்டிலும் குத்தி, உருவத்தை வெட்டி, கார்டிலுள்ள ஒட்டகத்து மேல ஒட்டி மறைங்க. இப்ப அடுத்ததைக் கொஞ்சம் தள்ளிக் குத்திட்டு சீட்டை எடுத்தா, ரெண்டாவது ஒட்டகம் பின்னால நிற்கும்.

வரிசை முக்கியம். ஒட்டகங்களை டை இங்க்கில் 30 கார்டுக்கும் ஒரே மூச்சில் முடிச்சிடுங்க. தங்க நட்சத்திரத்தை மட்டும் ஒவ்வொரு கார்டா குத்தி, உடனே பவுடர் தூவுங்க.

மிச்சமாகிற நேரம்

1843ல லண்டன்ல ஹென்றி கோல், வாழ்த்துக் கடிதம் எழுதி மாளலைன்னு ஜான் கால்காட் ஹார்ஸ்லியை வரைய வச்சு அச்சடிச்சதுதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு. யாருக்கு, யாரிடமிருந்துன்னு பேர் எழுத மட்டும் அதுல இடம் விட்டிருந்தாங்க. நேரத்தை மிச்சம் பண்ணப் பிறந்த பொருள்தான் இது. ஸ்டாம்ப்பும் அப்படித்தான். மிச்சமாகிற நேரத்தை எங்கே செலவு பண்றோம்ங்கறதுதான் விஷயம்.

இந்த வருஷம் ஒரே டிசைன், ஒரு சாயங்காலத்துல முடிக்கப் போறேன். அடுத்த மூணு நாள், நாளுக்கு 10 கார்டு, உள்ளே எழுத மட்டும். முதல் கார்டு பெரியம்மாவுக்கு. இந்த முறை அவங்க அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்காது.