பழைய பெட்டியை வைத்திருப்பதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டுப் பட்டாசலில் மரத்தாலான ரெக்கார்டு பிளேயர் ஒன்று உண்டு. தாத்தா வாங்கியது. ஆச்சி தாமே பின்னிய லேஸ் துணியால் அதை மூடி வைத்திருப்பார்கள். சென்ற கோடை விடுமுறையில் ஆச்சிக்கு மிகப் பிடித்த இசைத்தட்டை வைத்தபோது, நாதசுரத்தோடு ‘கரகர’வென்று ஓர் இரைச்சலும் சேர்ந்து வந்தது. “இதைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவோம், அம்மா” என்றார்கள் அப்பா. “நான் இருக்க மட்டுக்கும் அது இங்ஙனயே இருக்கட்டும்யா” என்றார்கள் ஆச்சி. யார் சொல்வது சரி? வீட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் இதை ஆராயத் தொடங்கினோம். அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவிக்கு அடுத்துள்ள காருகுறிச்சி என்னும் சிற்றூரில் 1921-ல் பிறந்து, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களிடம் பயின்று, நாடெங்கும் புகழ்பெற்றவர் நாதசுர மேதை அருணாசலம் அவர்கள். 1962-ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகி அவர்களின் குரலும் இவரது நாதசுரமும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் பாடலை அறியாதார் இல்லை. 1964-ல் அவர் மறைந்தார். அந்தப் பாடலின் தட்டைத்தான் ஆச்சி பொன்போல் காத்து வருகிறார்கள். அதனுடன் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவர்களின் தட்டுகளும் உள்ளன. அவரோ 1933-ல், 27 வயதிலேயே மறைந்தவர். இத்தகையோரின் இசைக்கு இனிப் புதிய பதிவு கிடையாது.

இசைத்தட்டில் ஒலி எங்கே இருக்கிறது? தட்டின் மேல் சுருளாக ஓடும் நுண்ணிய பள்ளத்தின் சுவர்களில் அலை அலையாக இருக்கிறது. ஊசி அதில் ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வு மின்சாரமாகிப் பின்பு ஒலியாகிறது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டு, அரக்கோடு கல்மாவு கலந்து செய்யப்பட்டது. அதன் பள்ளம் அகலமானது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே பாடும். 1948-ல் வந்த 33⅓ சுற்று எல்.பி. தட்டும், 1949-ல் வந்த 45 சுற்றுத் தட்டும் வினைல் எனும் பொருளால் ஆனவை. அவற்றின் பள்ளம் மிகக் குறுகலானது. ஆகவே ஒன்றுக்குரிய ஊசி மற்றொன்றுக்கு ஆகாது. எங்கள் பெட்டியில் இரண்டு ஊசிகள் உள்ளன. சிறு பிடியைத் திருப்பி வேண்டியதைக் கொண்டு வரலாம்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. நாங்களும் அளந்து பார்த்தோம். தங்கம் நிறுக்கும் சிறு மின்தராசின் மேல் ஊசியை மெல்ல இறக்கினோம். 9 கிராம் காட்டியது! காரணம் புரிந்தபோது வெட்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஊசி தாவியதால், அதன் தலைமேல் 25 பைசா நாணயம் ஒன்றை ஒட்டி வைத்தவர்கள் நாங்களேதாம். அதை எடுத்ததும் எடை 6.5 கிராமாயிற்று. காந்தத்தால் இயங்கும் இக்காலக் கார்ட்ரிட்ஜுக்குப் பெரும்பாலும் 2 கிராம் அளவே போதும். ஊசிமுனை மிகச் சிறியதாதலால் சில கிராம் எடையும் பெரும் அழுத்தமாகிறது. தேய்ந்த ஊசியோ உளிபோல் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். தேய்ந்த பள்ளத்தை எந்த நிபுணராலும் நிரப்ப இயலாது. ஆகவே, பெட்டி பழையதா புதியதா என்பதன்று கேள்வி. அது தட்டுக்கு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இதை அறிய மூன்று சோதனைகள் போதும். ஒன்று, மேற்சொன்ன எடை. இரண்டு, வேகம். தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றை அடையாளமாக வைத்து எண்ணினால், எல்.பி. தட்டு 3 நிமிடத்தில் 100 சுற்றுச் சுற்ற வேண்டும். குறைந்தால், பெரும்பாலும் எண்ணெய் வறண்டிருக்கும். அல்லது உள்ளேயிருக்கும் ரப்பர்ச் சக்கரம் இறுகியிருக்கும். இவை சிறு செலவில் சரியாகும். மூன்று, ஊசியின் வயது. நீலக்கல் ஊசி சில பத்து மணி நேரமே உழைக்கும். வைர ஊசி பல நூறு மணி நேரம் உழைக்கும்.

புதிது வாங்குவோரும் ஏமாறலாகாது. கைப்பெட்டி வடிவில் அழகாக விற்கப்படும் மலிவான கருவிகள் பலவற்றில், பழைய வகை செராமிக் கார்ட்ரிட்ஜும் ஏறத்தாழ 5 கிராம் எடையுமே உள்ளன. எடையைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை. காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்சாரம் மிகச் சிறிது. அதைப் பெருக்கத் தனிக்கருவி வேண்டும். அச்செலவையும் கணக்கில் சேர்த்தல் நன்று. மேலும், புதிய கருவிகள் பலவற்றில் 78 வேகமே கிடையாது.

ஆகவே எங்கள் வீட்டில் இப்படி முடிவாயிற்று: பழைய பெட்டி இருக்கும். ஊசியை மாற்றி, எண்ணெயிட்டு, கிட்டப்பாவின் தட்டுகளை மட்டும் விசேஷ நாள்களில் அதில் கேட்போம். வினைல் தட்டுகளுக்காக, எடையைச் சரிசெய்யக்கூடிய எளிய கருவி ஒன்றை ஓராண்டு பணம் சேர்த்து வாங்குவோம். அதுவரை அத்தட்டுகள் உறையிலேயே இருக்கும். புதியது வந்ததும் ஒருமுறை பாடவைத்துப் பதிவு செய்துகொண்டால், நாள்தோறும் கேட்க அந்தப் பதிவு போதும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தட்டுகளை அடுக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயில் வினைலை நெளித்துவிடும். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்; தச்சர்கள் பாலிஷ் செய்ய அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான்.

ஓராண்டு கழிந்து புதிய கருவியும் வந்துவிட்டது. காருகுறிச்சியார் தெளிவாக வாசிக்கிறார். நாணயத்தின் பாரத்தால் தேய்ந்த ஓரிடத்தில் மட்டும் இரைச்சல் நீங்கவில்லை. அவ்விடம் வரும்போது ஆச்சி தாமே அந்தச் சுரங்களை முணுமுணுத்து நிரப்பிவிடுகிறார்கள். நாங்கள் தலைகுனிந்து கேட்கிறோம். அன்பு மட்டும் போதாது, அறிவும் துணை நிற்க வேண்டும் என்பதை அந்தத் தட்டு எங்களுக்குக் கற்றுத் தந்தது.