432 பார்க் அவெனியூ

432 பார்க் அவெனியூ என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ யார்க் நகரில், மான்ஹட்டன் பகுதியில் அமைந்துள்ள ஒரு குடியிருப்பு வானளாவி ஆகும். இதன் உயரம் 426 மீட்டர். 2015 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்டபோது இதுவே உலகின் மிக உயரமான குடியிருப்புக் கட்டிடமாக இருந்தது. பின்னர் அதே நகரில் எழுந்த 472 மீட்டர் உயரமுள்ள சென்ட்ரல் பார்க் டவர் இதனை விஞ்சியது. இதனை வடிவமைத்தவர் உருகுவாயில் பிறந்த கட்டிடக் கலைஞர் ரஃபயெல் வின்யோலி.

வரலாறு

இவ்விடத்தில் 1926 முதல் டிரேக் என்னும் தங்கும் விடுதி இருந்தது. அது 2007இல் இடிக்கப்பட்டது. நிதி நெருக்கடி காரணமாகச் சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் பின்னர் கட்டுமானம் தொடங்கி, 2014 அக்டோபரில் முழு உயரத்தை எட்டியது.

உயரத்தின் காரணம்

இப்பகுதியின் கட்டிட விதிகள் உயரத்தை நேரடியாக வரையறுப்பதில்லை. மொத்தத் தளப்பரப்பையே வரையறுக்கின்றன. எனவே ஒவ்வொரு தளமும் சிறிதானால் கட்டிடம் மேலும் உயரலாம். சென்ட்ரல் பூங்காவைக் காணக்கூடிய மேல் தளங்களுக்கு விலையும் மிகுதி. இக்கட்டிடம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 28.5 மீட்டர் அளவுள்ள சதுரமாகும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1:15.

காற்றும் கட்டமைப்பும்

மெல்லிய கோபுரத்தைக் கடக்கும் காற்று, அதன் இரு பக்கங்களிலும் மாறி மாறிச் சுழல்களை உருவாக்குகின்றது. இச்சுழல்களின் தாளம் கட்டிடத்தின் இயல்பான அசைவின் தாளத்துடன் ஒத்துப்போனால் ஊசலாட்டம் பெருகும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு 12 தளங்களுக்கும் ஒருமுறை இரண்டு தளங்கள் காற்று ஊடுருவும்படி திறந்து விடப்பட்டுள்ளன. உச்சிப் பகுதியில் பெரும் எடையுள்ள இரண்டு தணிப்பான்கள் உள்ளன. கட்டிடம் ஒரு பக்கம் அசையும்போது இவை எதிர்ப்பக்கம் நகர்ந்து அசைவைக் குறைக்கின்றன. உயரமான கட்டிடங்கள் காற்றில் சற்று அசைவது ஆபத்தன்று; எனினும் உள்ளே வாழ்பவர் அதனை உணராதிருப்பது அவசியம். அலுவலகத்தைவிட உறங்கும் வீட்டில் இத்தேவை அதிகம்.

சிக்கல்கள்

நீர்க்கசிவு, மின்தூக்கிக் கோளாறு, காற்றில் எழும் ஓசை ஆகியவை குறித்துக் குடியிருப்போர் முறையிட்டனர். 2021 செப்டெம்பரில் குடியிருப்போர் நிர்வாகக் குழு, 12.5 கோடி டாலர் இழப்பீடு கோரிக் கட்டுமான உரிமையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது.

இயந்திரத் தளங்கள் தளப்பரப்பில் சேர்க்கப்படாமையால், வெற்றிடங்களைக் கொண்டு உயரத்தைக் கூட்ட முடிகிறது என்ற எதிர்ப்பும் எழுந்தது. குடியிருப்புக் கோபுரங்களில் மிக உயரமான இயந்திர வெற்றிடங்களைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தை நியூ யார்க் நகரவை 2019இல் நிறைவேற்றியது.