சூரிய மின்சாரத்துக்கு எந்த பேட்டரி? வாங்கும் முன் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற ஊர் கோலார் தங்கவயல். ஆனால், மின்கம்பி எட்டாத தோட்டத்து வீடுகளுக்கு இன்று சூரியத் தகடும் பேட்டரியுமே துணை. இவற்றில் முதலில் பழுதாவது பெரும்பாலும் பேட்டரிதான்.

விலை குறைவு என்று கார் பேட்டரியை வாங்குவது நஷ்டத்தில் முடியும். எஞ்சினை இயக்கச் சில விநாடிகள் மட்டும் அதிக மின்னோட்டம் தருவதற்காகவே அதன் மெல்லிய தகடுகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. இரவுதோறும் மின்சாரம் எடுத்தால் அது விரைவில் செயலிழக்கும். ஈய-அமில வகையில் இதற்கு ஏற்றது 'டியூபுலர்' பேட்டரியே.

திறனைக் கணக்கிடுவது எளிது. ஒரு வீட்டின் தினசரித் தேவை 480 வாட்-மணி எனில், வெயில் இல்லாத நாளையும் சேர்த்து 2 நாள்களுக்கு 960 வாட்-மணி வேண்டும். சேமிப்பில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் ஆயுள் நீடிக்கும் என்பதால், தேவை 1,920 ஆகிறது. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 160 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டர் இருந்தால் அதன் இழப்புக்காகச் சற்றுக் கூடுதல் திறன் தேவை.

பேட்டரியில் 'சி10' அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அதே பேட்டரிக்கு 'சி20' கணக்கில் எண் கூடுதலாகத் தெரியும்.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால், காற்றோட்டமான நிழலிடத்தில் வைத்து, காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஈயம் நச்சு என்பதால் பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் விற்பனையாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.